இரத்தக் குழாயைத் தைத்தவர்

இரத்தக் குழாயில் ஒரு துளை விழுந்தால் என்ன ஆகும் என்பதை நாம் எல்லாரும் சமையலறையிலேயே பார்த்திருக்கிறோம். காய் நறுக்கும்போது விரல் வெட்டுப்படுகிறது. அழுத்திப் பிடித்தால் சிறிது நேரத்தில் இரத்தம் உறைந்து நின்றுவிடுகிறது. ஆனால், அது மயிரிழை போன்ற சிறு நாளம். இதயத்திலிருந்து புறப்பட்டு வரும் பெரிய தமனியில் துளை விழுந்தால் கதையே வேறு. உள்ளிருந்து வரும் அழுத்தம் உறைகட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே பாயும். இதில் ஒரு விந்தையும் உண்டு. முழுவதும் அறுந்துபோன தமனி சில வேளைகளில் தானே சுருங்கி, தசைக்குள் ஒடுங்கி, இரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். பாதி கிழிந்த தமனியால் அப்படிச் சுருங்க முடியாது. கிழிசலின் இரு ஓரங்களும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்க, வாய் திறந்தபடியே இருக்கும். சிறிய துளைதான் சில நேரம் பெரிய ஆபத்து.

பல நூற்றாண்டுகளாக மருத்துவர்களிடம் இதற்கு இருந்த வழி, குழாயை நூலால் இறுகக் கட்டிவிடுவது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படைமருத்துவர் அம்புருவாஸ் பாரே இம்முறையைப் பரப்பினார். கட்டினால் உயிர் தப்பும். ஆனால், அந்தக் குழாயை நம்பியிருந்த கையோ காலோ இரத்தமின்றி அழுகிப்போகலாம். 1759இல் இங்கிலாந்தின் நியூகாசலில் ஹாலோவெல் என்பவர் ஒரு மாற்றுவழியைச் செய்து பார்த்தார். அக்காலத்தில் நோய் தீர இரத்தம் வடிக்கும் பழக்கம் இருந்தது. அப்படி வடிக்கும்போது ஒருவருக்குக் கைத்தமனியில் கத்தி பட்டுவிட்டது. ஹாலோவெல் அந்தத் துளையின் இரு ஓரங்களையும் ஒரு சிறு ஊசியால் குத்திச் சேர்த்து, ஊசியின் மேல் நூலைச் சுற்றி மூடினார். கை பிழைத்தது. ஆனால், அதன்பிறகு ஏறத்தாழ நூற்று ஐம்பது ஆண்டுகள் வரை, இரத்தக் குழாயைத் தைப்பது நம்பத்தகுந்த சிகிச்சையாக வளரவில்லை.

அதை வளர்த்தெடுத்தவர்தான் நான் இங்கு எழுத வந்திருக்கும் அலெக்சிஸ் காரெல். பாடநூலில் ஒரு வரியாகத்தான் அவர் எனக்கு அறிமுகமானார். தேடிப் படிக்கப் படிக்க, அவரைப் பாராட்டுவதா வெறுப்பதா என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

காரெல் 1873ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் பிரான்சின் லியோன் நகரை ஒட்டிய சிற்றூரில் பிறந்தார். லியோன் பட்டுக்குப் பேர்போன நகரம். தந்தையார் துணி வணிகர். காரெலுக்கு ஐந்து வயதாகும்போதே அவர் இறந்துவிட, தாயார்தான் பிள்ளைகளை வளர்த்தார். நூலும் ஊசியும் நெசவும் பூத்தையலும் நிறைந்த ஊரில் வளர்ந்த பையன் மருத்துவம் படிக்கச் சேர்ந்தான்.

1894 ஜூன் 24ஆம் நாள் இரவு. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ, லியோனில் ஒரு விருந்தை முடித்துவிட்டு வண்டியில் போய்க்கொண்டிருந்தார். இத்தாலியைச் சேர்ந்த கசேரியோ என்ற இளைஞன் வண்டியில் தாவி ஏறி அவர் வயிற்றில் கத்தியைப் பாய்ச்சினான். கத்தி, குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையைக் கிழித்தது. நகரின் தலைசிறந்த அறுவை மருத்துவர்கள் சூழ்ந்திருந்தார்கள். ஆனால், கிழிந்த குழாயைச் சரிசெய்ய அவர்களுக்கு வழி இல்லை. நள்ளிரவு கடந்ததும் தலைவர் இறந்தார். தோலைத் தைக்கிறோம், குடலைத் தைக்கிறோம், இரத்தக் குழாயை மட்டும் ஏன் தைக்க முடியாது என்று இளம் காரெல் கேட்டதாகச் சொல்வார்கள். 21 வயது நிறைய அவருக்கு அப்போது நான்கு நாள்கள் இருந்தன. மூத்த மருத்துவர்களுக்கு அந்தக் கேள்வி அவ்வளவாக இனித்திருக்காது.

ஏன் முடியாது என்பதற்குக் காரணங்கள் இருந்தன. குழாயின் சுவர் வழுவழுப்பானது, மெல்லியது. சாதாரண ஊசி போட்ட துளையே ஒழுகும். இழுத்துத் தைத்தால் குழாய் குறுகிப்போகும். இவை இரண்டையும் சமாளித்தாலும் மூன்றாவது சங்கடம் காத்திருக்கும். குழாயின் உட்சுவர் கண்ணாடி போல் வழவழப்பாக இருக்கும்வரைதான் இரத்தம் உறையாமல் ஓடும். உள்ளே ஒரு நூல் முனையோ வெளியுறையின் ஒரு நாரோ நீட்டிக்கொண்டிருந்தால் போதும், இரத்தம் அதைப் பிடித்துக்கொண்டு உறைந்துவிடும். தைத்த குழாய் அடைத்துக்கொள்ளும். இரத்தம் நமக்கு நன்மையாகச் செய்யும் வேலையே இங்கே எதிரியாக மாறுகிறது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு என் பாட்டி உதவினார். இன்று அடுக்குமாடி வீடுகளும் உணவகங்களுமாக இருக்கும் பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். பாட்டி அங்கே பால்மரம் வெட்டியவர். பட்டையைக் கத்தியால் மெல்லிசாகச் சீவினால் பால் கோட்டின் வழியே வடியும். சில மணி நேரத்தில் வெட்டின் மேலேயே பால் காய்ந்து ஒட்டுப்பாலாகி, வாயை அடைத்துவிடும். அடுத்த முறை அதை உரித்து எடுத்துவிட்டுத்தான் மறுபடி வெட்ட வேண்டும். கத்தி ஆழமாகப் போய் உள்மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, பிறகு பால்வெட்டுக்கு உதவாமல் போகும் என்பார் பாட்டி. குழாயை எவ்வளவு ஆழம் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்ற அந்த நிதானத்தைத்தான் காரெலும் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் அதைத் தேடிப் போன இடம் ஒரு மருத்துவக் கல்லூரி இல்லை. லியோனில் லெருவாதியே என்ற பூத்தையல்காரப் பெண்மணி இருந்தார். மிக நுண்ணிய ஊசியை எப்படிப் பிடிப்பது, துணியைக் கசக்காமல் எப்படித் தைப்பது என்பதை அவரிடம் காரெல் கற்றுக்கொண்டார். பிறகு வீட்டில் காகிதத்தில் தைத்துத் தைத்துப் பழகினார். ஒரே சிகரெட் தாளில் ஐந்நூறு தையல் போடுவார் என்றுகூடச் சொல்வார்கள். அது எவ்வளவு உண்மையோ தெரியாது, ஆனால் அவர் விரல்களின் வேகத்தைக் கண்டவர்கள் வியந்திருக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் தையல்கடைகளில் ரவிக்கைக்கு மணி கோத்துத் தைக்கும் அக்காமார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லெருவாதியேயின் நினைவுதான் வரும். நோபல் பரிசின் கதையில் அவருக்கு ஒரு வரிதான் கிடைத்தது.

1902இல் காரெல் தம் முறையை லியோன் மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். அதைக் கேட்டால், இவ்வளவுதானா என்று தோன்றும். அறுந்த குழாயின் வாய் வட்டமானது. வட்டத்தைச் சுற்றித் தைப்பது கடினம். ஊசி எதிர்ச்சுவரையும் சேர்த்துக் குத்திவிடும், நூலை இழுத்தால் வாய் சுருக்குப்பை போல் சுருங்கிவிடும். காரெல் வட்டத்தின் மேல் சம இடைவெளியில் மூன்று தையல்களை மட்டும் முதலில் போட்டார். அந்த மூன்று நூல்களையும் மூன்று திசையில் இழுத்துப் பிடித்தால் வட்டம் முக்கோணமாகிவிடும்! இப்போது தைக்க வேண்டியவை மூன்று நேர்க்கோடுகள்தாம். ஒரு பக்கத்தைத் தைத்து, திருப்பி, அடுத்த பக்கத்தைத் தைத்து முடிக்கலாம். இழுத்துப் பிடித்திருப்பதால் குழாய் குறுகுவதில்லை. எதிர்ச்சுவர் விலகி நிற்பதால் ஊசி அதைக் குத்துவதில்லை.

மற்றவை எல்லாம் கைப்பக்குவம். நேரான மெல்லிய ஊசி. அதில் நுண்ணிய பட்டுநூல். ஊசி போட்ட துளை ஒழுகாமல் இருக்கவும், நூல் சுவரை உரசாமல் இருக்கவும் நூலின் மேல் வாசலின் பூச்சு. குழாயின் ஓரத்தை இடுக்கியால் நசுக்கக் கூடாது. வெளியுறையின் நார்களை முன்னரே அகற்ற வேண்டும். உட்சுவரும் உட்சுவரும் ஒன்றையொன்று தொடும்படி சேர்க்க வேண்டும். தூய்மையில் அவர் பிடிவாதக்காரர். பிற்காலத்தில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் கறுப்பு அங்கி அணிந்தே வேலை செய்தார்கள். இரத்தக் குழாயைத் தைப்பதை முதலில் நினைத்தவர் காரெல் என்று சொல்ல முடியாது. அவருடைய ஆசிரியர் ஜபூலே உட்படப் பலர் அவருக்கு முன்பே முயன்றிருந்தனர். சிகாகோவில் மர்ஃபி என்பவர் 1896இல் மனிதத் தமனியின் இரு முனைகளை இணைத்தும் இருந்தார். ஆனால், யார் செய்தாலும் பலன் தரக்கூடிய முறையாக அதை ஆக்கியவர் காரெல்.

இவ்வளவு செய்தவருக்கு லியோனில் ஒரு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அதே 1902இல் அவர் லூர்து திருத்தலத்துக்கு நோயாளிகளோடு இரயிலில் சென்றார். சாவின் விளிம்பில் இருந்த ஒரு பெண் அங்கே தேறியதைத் தாம் கண்டதாகச் சொன்னார். மருத்துவர்கள் அவரை மூடநம்பிக்கைக்காரர் என்றார்கள். சமயவாதிகளோ, அவர் போதுமான அளவு நம்பவில்லை என்றார்கள். அறுவை மருத்துவர் பதவிக்கான தேர்விலும் தோல்வி. மனம் கசந்த காரெல் 1904இல் கனடாவுக்குக் கப்பலேறினார். மாட்டுப் பண்ணை வைக்கலாமா என்றுகூட யோசித்தாராம். நல்லவேளை, மாடுகள் தப்பின.

அங்கிருந்து சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று சார்ல்ஸ் கத்ரி என்பவரோடு சேர்ந்து உழைத்தார். இரண்டாண்டு நிறைவதற்குள் இருவரும் நாய்களில் சிரையைத் தமனியாக வைத்துத் தைத்தார்கள், சிறுநீரகத்தை இடம் மாற்றினார்கள், ஒரு நாயின் இதயத்தை மற்றொன்றின் கழுத்தில் இணைத்துத் துடிக்க வைத்தார்கள். பின்னாளில் பரிசு வந்தபோது கத்ரியின் பெயர் அதில் இல்லை. அதில் நியாயம் இல்லை என்று சொல்பவர்களின் கட்சியில்தான் நானும் இருக்கிறேன்.

1906இல் காரெல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் சேர்ந்தார். 1908 மார்ச் மாதத்தில் ஒருநாள் நள்ளிரவில் அவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஏட்ரியன் லாம்பர்ட் என்ற அறுவை மருத்துவரின் பச்சிளங்குழந்தை, பிறந்து ஐந்தாம் நாள், மூக்கிலும் வாயிலும் இரத்தம் கசிந்து வெளுத்துப்போய்க் கிடந்தது. கசிவை நிறுத்த அன்று மருந்து கிடையாது. காரெல் இதுவரை விலங்குகளில் செய்ததைக் குழந்தைக்குச் செய்ய வேண்டும். நியூயார்க்கில் மருத்துவம் பார்க்க அவருக்கு உரிமமும் இல்லை. சட்டத்தைப் பார்ப்பதா, குழந்தையைப் பார்ப்பதா?

தந்தையைப் படுக்க வைத்தார்கள். குழந்தையை மயக்க மருந்தின்றி ஒரு துணிதேய்க்கும் பலகையில் கட்டிப் பக்கத்தில் வைத்தார்கள். தந்தையின் மணிக்கட்டுத் தமனியைக் காரெல் திறந்தார். குழந்தையின் முழங்கால் மடிப்பில், தீக்குச்சி அளவுகூட இல்லாத, நனைந்த தாள் போன்ற சிரையைத் தேடி எடுத்தார். இரண்டையும் சேர்த்துத் தைத்தார். பிடியைத் தளர்த்தியதும் தந்தையின் இரத்தம் பிள்ளைக்குள் ஓடியது. வெள்ளையாகக் கிடந்த உடல் சிவந்தது, குழந்தை வீறிட்டு அழுதது. இரத்தப் பிரிவுகள் 1901இலேயே கண்டறியப்பட்டிருந்தும், பொருத்தம் பார்க்கும் வழக்கம் அப்போது வரவில்லை. பொருந்தாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. குழந்தை பிழைத்தது. அந்நோய்க்குக் காரணம் வைட்டமின் கே குறைபாடு என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. இன்று பிறந்தவுடன் ஓர் ஊசியில் முடிந்துவிடுகிறது.

1912இல், 39ஆம் வயதில், காரெலுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் செய்யப்பட்ட ஆய்வுக்கு அத்துறையில் கிடைத்த முதல் நோபல் அது. ஆயினும், அடுத்து வந்த முதலாம் உலகப்போரில் காரெலின் தையல் பெரிதாகப் பயன்படவில்லை. உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் அன்று கைக்கு வரவில்லை. காயங்கள் எல்லாம் சீழ் பிடித்தவை. காரெலே போர்முனையில் வேதியியலாளர் டேக்கினோடு சேர்ந்து காயத்தைக் கழுவும் ஒரு கரைசலில்தான் கவனம் செலுத்தினார். இரண்டாம் உலகப்போரில்கூட அமெரிக்கப் படையில் பெரும்பாலும் தமனியைக் கட்டினார்களே ஒழியத் தைக்கவில்லை. கட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ 49 விழுக்காட்டினர் அந்தக் கையையோ காலையோ இழந்தனர். 1950களின் தொடக்கத்தில் கொரியப் போரில் தைக்கும் முறை வந்ததும் அது 13 விழுக்காட்டுக்கு இறங்கியது. காரெலின் கண்டுபிடிப்பு வெளியாகி அரை நூற்றாண்டு ஓடியிருந்தது.

இன்று அந்தத் தையல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்பேன். என் பெரியப்பாவுக்கு நீரிழிவால் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. பங்சாரில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்கு, சொக்சோ உதவியில், வாரம் மூன்று முறை போய் வருகிறார். அவருடைய இடது மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் தைத்து இணைத்திருக்கிறார்கள். 1966இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிரேசியா, சிமினோ முதலிய மருத்துவர்கள் அறிவித்த முறை இது. தமனியின் அழுத்தம் சிரைக்குள் புகுவதால் சிரை பருத்து, சுவர் தடித்து, ஆண்டுக்கணக்கில் ஊசி தாங்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு தடித்த ஊசிகள். முடிந்ததும் அந்தத் துளைகளைப் பஞ்சால் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் சட்டை நனைந்துவிடும். அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் பூனை உறுமுவது போல் ஓர் அதிர்வு தெரியும். அதிர்வு இருக்கிறதா என்று பெரியப்பா தினமும் காலையில் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இதை எழுதுவதற்குக் காரணமே அடுத்து வரும் பகுதிதான்.

1935இல் காரெல் மனிதனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு மிக அதிகமாக விற்ற நூல் அது. உடலையும் உள்ளத்தையும் பற்றி ஆழமான செய்திகள் அதில் உண்டு. கூடவே, நாகரிகம் பலவீனர்களைக் காப்பாற்றிக்கொண்டு வலியவர்களைக் கைவிடுகிறது, பிறப்பால் உயர்ந்தவர்களை வளர்த்தெடுக்க வேண்டும் என்ற கருத்தும் உண்டு. கொடுங்குற்றவாளிகளையும், குற்றம் செய்த மனநோயாளிகளையும் நச்சுவாயு வைத்த சிறு நிலையங்களில் முடித்துவிடலாம் என்றும் எழுதினார். அடுத்த ஆண்டு வந்த ஜெர்மன் பதிப்பின் முன்னுரையில், குறையுள்ளவர்கள் பெருகுவதைத் தடுக்க நாஜி அரசு எடுத்த நடவடிக்கைகளைப் பாராட்டினார். 1940 முதல் 1941 ஆகஸ்டு வரை அந்த அரசு 70,000க்கும் மேற்பட்ட ஊனமுற்றோரையும் மனநோயாளிகளையும் வாயு அறைகளில் கொன்றது. அதற்குக் காரெல் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அதற்கு முன்பே அவர் அந்தத் திசையைப் பார்த்துத் தலையசைத்திருந்தார்.

அக்காலத்தில் பலர் அப்படித்தான் நினைத்தார்கள் என்று அவருக்காகப் பேசுவோர் கூறுவதுண்டு. அது உண்மைதான். அமெரிக்காவிலேயே அப்போது பல மாநிலங்களில் கட்டாயக் கருத்தடைச் சட்டங்கள் இருந்தன. ஆனாலும், அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. ஐந்து நாள் குழந்தையைக் காப்பாற்ற உரிமத்தைப் பற்றிக்கூடக் கவலைப்படாத மனிதர் அவர். அந்தக் குழந்தையைவிடப் பலவீனமான உயிர் எது? அன்று இரவு அவர் அதன் தகுதியைக் கேட்கவில்லை. எழுத உட்கார்ந்தபோதுதான் கேட்டார். பெரியப்பா போன்ற ஒருவர், வேலைக்குப் போக முடியாமல், பிறர் உதவியில் வாழ்பவர், காரெலின் கணக்கேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

அறிவியலிலும் அவருக்குச் சறுக்கல் உண்டு. 1912இல் கோழிக்கருவின் இதயத் துணுக்கு ஒன்றை அவர் வளர்க்கத் தொடங்கினார். அது 1946 வரை வளர்க்கப்பட்டது. செல்களுக்குச் சாவே இல்லை என்று உலகம் நம்பியது. 1961இல் ஹேஃப்ளிக், சாதாரண மனிதச் செல்கள் குறிப்பிட்ட முறைதான் பிரியும் என்று காட்டி அந்த நம்பிக்கையை உடைத்தார். ஊட்டத்தோடு சேர்ந்து புதிய செல்களும் அந்தக் குடுவைக்குள் போயிருக்கலாம் என்பது பலர் கருத்து. விமானி லிண்ட்பெர்க்கோடு சேர்ந்து 1935இல் வெளியிட்ட கண்ணாடிக் குழல் கருவி, உறுப்பை உடலுக்கு வெளியே உயிரோடு வைத்திருக்கும் முயற்சிகளுக்கு ஒரு முன்னோடி.

இரண்டாம் உலகப்போரின்போது காரெல் பிரான்சுக்குத் திரும்பினார். ஜெர்மனிக்குப் பணிந்து நடந்த விஷி அரசு 1941இல் அவருக்கென ஓர் ஆய்வு நிறுவனத்தை அமைத்துக் கொடுத்தது. 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலையானதும் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். எதிரியோடு ஒத்துழைத்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை எதுவும் நடப்பதற்குள், அதே ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், 71ஆம் வயதில் இதயநோயால் இறந்தார். இறுதி மூச்சுவரை அவர் தம் கருத்துகளைத் திரும்பப் பெற்றதாக நான் எங்கும் படிக்கவில்லை.

லியோனில் ஒரு மருத்துவப் பீடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும், 1996இல் அதை எடுத்துவிட்டு, இதயத்துடிப்புக் கேட்கும் குழலைக் கண்டுபிடித்த லேனெக்கின் பெயரை வைத்தார்கள். பிரெஞ்சு நகரங்கள் பலவற்றில் தெருக்களின் பெயர்களும் மாற்றப்பட்டன. சரியான செயல் என்றுதான் நினைக்கிறேன். பெயர்ப் பலகை ஒரு மரியாதை. மரியாதை தருவதும் திரும்பப் பெறுவதும் அவ்வூர் மக்களின் உரிமை.

தையலைத் திரும்பப் பெற முடியாது. நம் நாட்டில் 1975இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் முதல் சிறுநீரக மாற்று நடந்தது. அன்றும் தமனியோடு தமனியை, சிரையோடு சிரையைத் தைத்துத்தான் அந்த உறுப்பை வாழவைத்தார்கள். இறந்தவரிடமிருந்து சிறுநீரகம் எடுக்கும்போது, அதன் தமனியை மட்டும் வெட்டாமல், அது கிளைக்கும் பெருந்தமனியின் சுவரிலிருந்து ஒரு பொத்தான் அளவு துண்டையும் சேர்த்து எடுப்பார்கள். சிறிய வாயைத் தைப்பதைவிட அந்தத் துண்டின் ஓரத்தைத் தைப்பது எளிது, குறுகலும் ஏற்படாது. அறுவை அறையில் அந்தத் துண்டுக்கு இன்றும் காரெல் ஒட்டு என்றுதான் பெயர்.